பழ ஈயிடம் 14,000, செடியிடம் 27,000: மரபணுக் கணக்கு எதைச் சொல்கிறது?

பழ ஈயையும், ஆய்வகங்களில் வளர்க்கும் சிறு செடியான அரபிடாப்சிஸையும் எதிரெதிரே நிறுத்தி ஓர் அட்டவணை போட்டு, மூன்று கேள்விகள் கேட்டிருக்கிறீர்கள். ஈயிடம் ஏறக்குறைய 14,000 மரபணுக்கள், செடியிடம் ஏறக்குறைய 27,000. பறந்து, பார்த்து, துணை தேடித் திரியும் பூச்சிக்கு அவ்வளவு போதும் என்றால், முளைத்த இடத்தைவிட்டு நகராத செடிக்கு ஏன் இரண்டு மடங்கு? அப்படியானால் செடிதான் அதிகச் சிக்கலான உயிரா? இரண்டுக்கும் பொதுவாக ஏதாவது உண்டா? இந்த மூன்றுக்கும் அடியில் இன்னொரு கேள்வி இருப்பதாக எனக்குப் படுகிறது. மரபணுக்களை எண்ணிப் பார்த்து ஓர் உயிரை மேல், கீழ் என்று வரிசைப்படுத்த முடியுமா என்பதுதான் அது. முடியாது. ஆனால் இந்த இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்பதில் வேறு பெரிய லாபம் இருக்கிறது.

நான் பன்னிரண்டு ஆண்டுகள் ஈ வளர்த்தேன். அதற்குப் பிறகு இன்றுவரை செடி. பார்ப்பவர்களுக்கு இவை சம்பந்தமே இல்லாத இரண்டு வேலைகளாகத் தெரியும். ஈக்களைக் கலப்பு செய்ய, இணை சேராத பெண் ஈக்களைப் பொறுக்கி எடுக்க வேண்டும். கூட்டிலிருந்து அப்போதுதான் வெளிவந்த ஈ வெளிறிப்போய், இறக்கை விரியாமல் இருக்கும். அதன் வயிற்றின் ஊடே கருமையான புள்ளி ஒன்று தெரியும். பழைய பருவத்தின் கழிவு அது. அந்தப் புள்ளி இருந்தால் நம்பி எடுக்கலாம். 25 டிகிரி வெப்பத்தில் எட்டு மணி நேரம் கடந்துவிட்டால் நம்ப முடியாது. செடியில் தொல்லை வேறு விதம். அரபிடாப்சிஸ் தன் மகரந்தத்தைக் கொண்டே காய்த்துவிடும். அதனால் மொட்டின் நுனியில் வெள்ளை எட்டிப்பார்க்கும் நேரத்திலேயே, கடுகளவே உள்ள அந்த மொட்டை உருப்பெருக்கியின் கீழ் பிரித்து, ஆறு மகரந்தத் தாள்களையும் ஊசிமுனை இடுக்கியால் ஒவ்வொன்றாகக் கிள்ளி எடுக்க வேண்டும். நடுவில் நிற்கும் சூலகத்தில் இடுக்கி பட்டால் மொட்டு வீண். கொஞ்ச காலம் கழித்துத்தான் எனக்கு உறைத்தது, இரண்டிலும் நான் செய்துகொண்டிருந்தது ஒரே வேலை என்று: வேண்டாத சேர்க்கையைத் தடுத்து வேண்டியதைச் சேர்ப்பது. பெற்றோரின் பண்புகள் பிள்ளைகளுக்கு எப்படிப் போகின்றன என்று சொல்லும் மெண்டலின் விதிகள் இரண்டிலும் ஒரே மாதிரி வேலை செய்கின்றன.

முதலில் உறுதியாகத் தெரிந்தவற்றைச் சொல்லிவிடுகிறேன். இரண்டு உயிர்களின் மரபணுத் தொகுதிகளும், அதாவது டிஎன்ஏ முழுவதையும் படித்த பதிவுகள், 2000-ஆம் ஆண்டில் வெளியாயின. ஈ மார்ச்சில், செடி டிசம்பரில். அப்போது ஈக்குச் சொன்ன கணக்கு 13,601 மரபணுக்கள்; செடிக்கு 25,498. பிறகு திருத்தித் திருத்தி நீங்கள் எழுதியிருக்கும் எண்களுக்கு அருகில் வந்து நிற்கிறது. இவை புரதம் செய்வதற்கான மரபணுக்கள் மட்டும். புரதமாக மாறாமல் ஆர்என்ஏ என்ற நகலாகவே இருந்து வேலை பார்ப்பவை தனிக் கணக்கு. இதில் உங்கள் அட்டவணை விட்டுவிட்ட ஒன்று உண்டு. டிஎன்ஏவின் மொத்த நீளத்தில் ஈதான் பெரியது. ஈயிடம் சுமார் 18 கோடி எழுத்துகள், செடியிடம் சுமார் 13.5 கோடி. ஈயின் டிஎன்ஏவில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு, திரும்பத் திரும்ப வரும் தொடர்கள் அடர்ந்து, இறுகச் சுருண்டு கிடக்கும் பகுதி. ஆக, டிஎன்ஏவின் அளவை வைத்து மதிப்பிட்டால் ஒரு பதில், மரபணு எண்ணிக்கையை வைத்து மதிப்பிட்டால் நேர் எதிரான பதில். இந்த ஒன்றே உங்கள் இரண்டாவது கேள்வியை ஆட்டம் காண வைத்துவிடுகிறது. மனிதரிடம் இருப்பவை சுமார் 20,000 மரபணுக்கள்தான் என்பதையும் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

சரி, செடிக்கு ஏன் அவ்வளவு? முதல் காரணம் வரலாறு. பூக்கும் தாவரங்களின் வம்சத்தில் மரபணுத் தொகுதி முழுவதுமே அப்படியே பெருகிப்போன நிகழ்ச்சிகள் பலமுறை நடந்திருக்கின்றன. அரபிடாப்சிஸின் முன்னோர் வரிசையில் குறைந்தது மூன்று முறை நடந்ததற்கான தடயம் அதன் குரோமோசோம்களில் இன்றும் தெரிகிறது; ஒரு குரோமோசோமின் ஒரு பகுதியில் இருக்கும் மரபணு வரிசை, இன்னொரு குரோமோசோமில் ஆங்காங்கே பல் உதிர்ந்த சீப்புபோலத் திரும்ப வரும். இது நடந்தது உறுதி. எத்தனை கோடி ஆண்டுகளுக்கு முன் என்பதில் ஆய்வுக்கு ஆய்வு கணக்கு மாறுகிறது. அந்த எண்களைப் பென்சிலால் எழுதிக்கொள்ளுங்கள். பெருகியவற்றில் பெரும்பாலானவை அழிந்துபோயின. தங்கியவை தங்களுக்குள் வேலையைப் பிரித்துக்கொண்டன. ஒரே ஓர் உதாரணம்: மேட்ஸ் என்ற குடும்பத்தைச் சேர்ந்த மரபணுக்கள் ஈயிடம் இரண்டே இரண்டு, அரபிடாப்சிஸிடம் நூற்றுக்கும் மேல். பூவின் உறுப்புகளைப் பெரும்பாலும் தீர்மானிப்பது அந்தக் குடும்பம்தான்.

இரண்டாவது காரணம் வாழும் முறை. ஈக்கு ஓர் இடம் ஒத்துவராவிட்டால் பறந்துவிடும். செடிக்கு அந்த வழி அடைபட்டிருக்கிறது. வெயிலோ குளிரோ பூஞ்சையோ புழுவோ, வந்ததை நின்ற இடத்திலேயே சமாளிக்க வேண்டும். அதன் ஆயுதம் வேதியியல். பி450 என்ற நொதிக் குடும்பத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஈயிடம் அதில் சுமார் 85 மரபணுக்கள். உடலுக்கு வேண்டிய ஹார்மோன்களைச் செய்யவும், உள்ளே வந்த நஞ்சை முறிக்கவும் அவை உதவுகின்றன. செடியிடம் சுமார் 240. ஹார்மோன்கள், நிறமிகள், நஞ்சுகள் என்று அவை செய்து குவிக்கும் பொருள்களுக்கு அளவில்லை. அரபிடாப்சிஸ் கடுகுக் குடும்பத்துச் செடி. அதன் இலையில் குளுக்கோசினோலேட் என்ற பொருள் ஓர் இடத்திலும், அதை உடைக்கும் நொதி வேறோர் இடத்திலும் பிரித்து வைக்கப்பட்டிருக்கும். புழு கடித்து இலை கிழிந்தால்தான் இரண்டும் சேரும். சேர்ந்த கணத்தில் உண்டாவதுதான் கடுகின் மூக்கைத் துளைக்கும் அந்தக் காரம். நோய்க்கிருமி உள்ளே நுழைந்ததை அடையாளம் காணவென்றே அரபிடாப்சிஸிடம் இன்னும் சுமார் 150 மரபணுக்கள் உள்ளன. நகர முடியாததால் மரபணு அதிகம் என்பது பொருத்தமான விளக்கம். முழு நிரூபணம் ஆகாது. மரபணுத் தொகுதி இரட்டித்தது தேவையைப் பார்த்து நடக்கவில்லை. இரட்டித்த பிறகு எது தங்கியது என்பதில்தான் தேவையின் கை தெரிகிறது.

ஈ குறைந்த மரபணுக்களை வைத்துக்கொண்டு எப்படிச் சமாளிக்கிறது என்பதையும் பார்க்க வேண்டும். ஒரு மரபணுவைத் துண்டு துண்டாக வெட்டி, வேண்டிய துண்டுகளை மட்டும் ஒட்டி வெவ்வேறு புரதங்களைச் செய்ய முடியும். செடியும் இதைச் செய்கிறது என்றாலும், ஈயின் டிஸ்காம் என்ற ஒற்றை மரபணு இதை எங்கேயோ கொண்டுபோய்விட்டது. அதன் துண்டுகளை மாற்றி மாற்றிச் சேர்த்தால் 38,016 விதமான புரதங்கள் சாத்தியம். செடியின் மொத்த மரபணுக்களைவிட அதிகம், ஒரே மரபணுவிலிருந்து! வளரும் நரம்பு செல் ஒன்றின் கிளைகள் எதிரில் வருவது தன் கிளையா, அடுத்த செல்லின் கிளையா என்று பிரித்தறிய இந்த வகைகள் உதவுகின்றன. ஒவ்வொரு செல்லும் தனக்கென்று சில வகைகளைச் சூடிக்கொள்கிறது. தன் அடையாளத்தையே எதிரில் சந்தித்தால் விலகிப்போகும். இப்படிக் கட்டிய மூளையின் முழு வரைபடம் 2024 அக்டோபரில் வெளியானது. வளர்ந்த பெண் ஈ ஒன்றின் மூளையில் 1,39,255 நரம்பு செல்கள், அவற்றுக்கிடையே சுமார் 5 கோடி இணைப்புகள். எள்ளைவிடச் சிறிய ஓர் உறுப்பில் இவ்வளவு. ஈயின் சிக்கல் மரபணுப் பட்டியலில் அதிகம் தெரியாது. அவற்றைக் கொண்டு பின்னிய வலையில் இருக்கிறது.

நான் புதிதாக வரும் மாணவர்களுக்கு முதல் வாரத்திலேயே காட்டும் இரண்டு காட்சிகள் உண்டு. ஈக்கள் இருக்கும் கண்ணாடிக் குழாயை மேசையில் ஒரு தட்டுத் தட்டினால் எல்லாம் அடியில் விழும். விழுந்த நொடியே எழுந்து சுவரைப் பற்றி மேலே ஏறத் தொடங்கும். பத்து நொடிக்குள் பாதிக்கு மேல் உச்சியில் இருக்கும். இன்னொரு பக்கம், செங்குத்தாக நிறுத்திய அகர் (கடற்பாசிக் கூழ்) தட்டில் வளரும் அரபிடாப்சிஸ் நாற்று. வேர் தலைமுடி கனத்தில் நேர்க்கோடாகக் கீழே இறங்கியிருக்கும். தட்டைக் கால்வட்டம் திருப்பி வைத்துவிட்டுப் போய், சில மணி நேரம் கழித்து வந்து பாருங்கள். வேர் நுனி மடங்கி மறுபடியும் கீழ்நோக்கித் திரும்பியிருக்கும். இரண்டும் புவியீர்ப்பை உணர்கின்றன. ஈக்கு உணர்கொம்பின் இரண்டாம் கணுவில் உள்ள உறுப்பு அதைச் சொல்கிறது. செடிக்கு, வேரின் நுனித் தொப்பியில் உள்ள செல்களில் மாவுமணிகள் இருக்கின்றன. தட்டைத் திருப்பினால் அந்த மணிகள் உருண்டு புதிய அடிப்பக்கத்தில் போய்ப் படியும். அதைத் தொடர்ந்து ஆக்ஸின் என்ற ஹார்மோன் வேரின் ஒரு பக்கம் கூடும். கூடிய பக்கம் மெதுவாக நீளும், மறுபக்கம் வேகமாக நீளும், வேர் வளையும். தூண்டல் ஒன்று. பதில், ஒன்றில் தசையால் நொடிகளில். மற்றதில் வளர்ச்சியால் மணிக்கணக்கில்.

மூன்றாவது கேள்விக்கு வருகிறேன். என்னைச் செடிப் பக்கம் இழுத்ததே இதுதான். இந்த இரண்டு வம்சங்களும் பிரிந்தபோது அவை ஒற்றைச் செல் உயிரிகள். சுமார் 150 கோடி ஆண்டுகளுக்கு முன் என்பது பலர் சொல்லும் மதிப்பீடு. அதில் முன்பின் இருபது கோடி ஆண்டு மாறினாலும் நான் வியக்கமாட்டேன். ஆனால் பல செல்களால் ஆன உடலைக் கட்டும் வித்தையை இரண்டும் தனித்தனியாகக் கற்றுக்கொண்டன என்பதில் ஐயமில்லை. கட்டும் முறையே வேறு. ஈயின் கருவில் செல்கள் இடம் மாறும், உள்ளே மடங்கும், ஊர்ந்து போகும். செடியின் செல் சுவருக்குள் அடைபட்டது. பக்கத்துச் செல்லோடு ஒட்டியே பிறந்து ஒட்டியே இருக்கும். ஈயில் முட்டை இட்ட இரண்டு மணி நேரத்துக்குள்ளேயே அடுத்த தலைமுறைக்கான செல்கள் தனியே ஒதுக்கப்பட்டுவிடுகின்றன. செடியிலோ வாரக்கணக்கில் இலை விட்டுக்கொண்டிருந்த அதே தண்டு நுனி ஒரு நாள் பூவாக மாறும். இனச்செல்கள் அங்கே கடைசியில்தான் பிறக்கின்றன.

இவ்வளவு வேறுபாட்டுக்கு நடுவிலும் ஒரே விதமான பிழை இரண்டிலும் நேர்கிறது. ஈயில் ஆன்டெனாபீடியா என்ற மரபணு தவறான இடத்தில் இயங்கினால், தலையில் உணர்கொம்பு இருக்க வேண்டிய இடத்தில் முழுக் கால் முளைக்கும். அரபிடாப்சிஸில் அகாமஸ் என்ற மரபணு பழுதானால், மகரந்தத் தாள் வர வேண்டிய இடத்தில் இதழ் வரும், சூலகத்தின் இடத்தில் இன்னொரு பூவே தொடங்கும், அதற்குள் இன்னொன்று. நாலே இதழுள்ள அந்தச் சின்னப் பூ அடுக்குப்பூவாகிவிடும். அடுக்கு ரோஜாவில் நீங்கள் பார்க்கும் இதழ்க்கூட்டத்தின் பின்னாலும் இதே வகை மரபணுவின் ஆட்சி சுருங்கிய கதைதான். எந்த உறுப்பு எங்கே என்று தீர்மானிக்கும் இந்த முறையைப் பூக்களில் 1991-இல் ஒரு மாதிரியாக வகுத்தவர்கள் என்ரிகோ கோயனும் எலியட் மேயரோவிட்ஸும். மேயரோவிட்ஸ் அதற்கு முன் ஈயை ஆராய்ந்தவர். ஈயில் உறுப்பு மாறிப் பிறப்பதைக் கண்டு பழகிய கண்தான் பூவிலும் அதைக் கண்டுகொண்டது என்று நான் நினைக்கிறேன்.

இங்கே ஒரு நுணுக்கம். ஈயில் உறுப்பின் அடையாளத்தைத் தீர்மானிப்பவை ஆன்டெனாபீடியா போன்ற ஹாக்ஸ் மரபணுக்கள். பூவில் பெரும்பாலும் அகாமஸ் போன்ற மேட்ஸ் மரபணுக்கள். இரண்டும் உறவில்லாத குடும்பங்கள். ஒரே சிக்கலுக்கு வெவ்வேறு ஆட்களை வேலைக்கு வைத்துக்கொண்டன என்று சொல்லலாம். ஆனால் அந்த ஆட்களை வேண்டாத இடத்தில் வாய்திறக்காமல் அடக்கிவைக்கும் காவல்காரன் இரண்டிலும் ஒருவனே. ஆண் ஈயின் முன்கால்களில் மட்டும் சீப்புபோல் தடித்த மயிர்வரிசை இருக்கும். பாலிகோம்ப் என்ற மரபணு கெட்டால் அந்தச் சீப்பு நடுக்காலிலும் பின்காலிலும் முளைக்கும். பெயருக்குப் பொருளே பல சீப்பு என்பதுதான். ஹாக்ஸ் மரபணுக்கள் தங்கள் எல்லையை மீறியதால் வரும் விளைவு அது. அரபிடாப்சிஸில் இலைகள் மேல்நோக்கிச் சுருண்டுகொள்ளும் ஒரு வகை உண்டு. 1997-இல் அதற்குக் காரணமான மரபணுவைப் பிரித்துப் பார்த்தபோது, அது ஈயில் பாலிகோம்ப் கூட்டத்தோடு சேர்ந்து வேலை செய்யும் ஒரு மரபணுவின் நெருங்கிய உறவாக இருந்தது. காவல் போனதால், பூவில் மட்டும் இயங்க வேண்டிய அகாமஸ் இலையிலும் இயங்கி இலையைச் சுருட்டிவிட்டது. அந்தச் சுருண்ட இலையை முதன்முறை கையில் வாங்கியபோது, பன்னிரண்டு வருடம் பார்த்த ஈயின் கால்தான் எனக்கு நினைவுக்கு வந்தது. பிரிவதற்கு முன்பே இருந்த பூட்டு ஒன்று. பிரிந்த பின் இரண்டும் தங்கள் தங்கள் கதவுகளில் மாட்டிக்கொண்டன.

பொதுவானவற்றில் இன்னும் சில. டிஎன்ஏ சுற்றியிருக்கும் ஹிஸ்டோன் எச்4 என்ற புரதத்தில் 102 அமினோ அமிலங்கள். பட்டாணிச் செடிக்கும் பசுவுக்கும் இடையே அதில் வேறுபடுபவை இரண்டே. நீல ஒளியை உணரும் கிரிப்டோகுரோம் என்ற புரதம் 1993-இல் முதலில் அரபிடாப்சிஸில்தான் கண்டறியப்பட்டது. பிறகு அதே வகைப் புரதம் ஈயின் உடல் கடிகாரத்துக்கு விடியலைச் சொல்வதும் தெரிந்தது. இரண்டிலும் ஸ்டீராய்டு ஹார்மோன்களும் உண்டு. ஈயின் தோலுரிப்பை நடத்தும் எக்டைசோனை செல்லின் கருவுக்குள் இருக்கும் புரதம் ஏற்கிறது. செடியை உயரச் செய்யும் பிராசினோஸ்டீராய்டை செல்லின் வெளிப்பரப்பில் இருக்கும் புரதம் ஏற்கிறது. இந்த ஹார்மோன்களுக்கு மூலப்பொருளான ஸ்டெராலைச் செடி தானே செய்துகொள்ளும். ஈயால் முடியாது, தின்னும் ஈஸ்டிலிருந்தும் பழத்திலிருந்தும்தான் பெற வேண்டும். மரபணு குறைவாக இருப்பதன் ஒரு பகுதி இப்படித்தான்: மற்றவர் செய்து வைத்ததைத் தின்பவருக்குச் செய்முறை தேவையில்லை.

அடுத்து வரும் கேள்வியையும் ஊகித்துச் சொல்கிறேன், எல்லோரும் கேட்பதுதான்: செடிக்கு வலிக்குமா? கால்சியம் கூடினால் ஒளிரும் புரதத்தைப் புகுத்திய அரபிடாப்சிஸில் புழு ஓர் இலையைக் கடித்தால், அங்கிருந்து ஓர் ஒளியலை நொடிக்கு ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர் வேகத்தில் கிளம்பி, சில நிமிடங்களில் தொலைவில் உள்ள இலைகளை எட்டுவதை 2018-இல் வெளியான ஆய்வில் பார்க்கலாம். அதைக் கிளப்பிவிடுவது குளூட்டமேட் என்ற வேதிப்பொருள். ஈயின் நரம்பு தசையோடு பேசப் பயன்படுத்துவதும் அதே பொருள்தான். இதுவரை உறுதி. அந்த அலை போய்ச் சேர்ந்த இலை தற்காப்புப் பொருள்களைச் செய்யத் தொடங்குகிறது என்பதும் உறுதி. இதை வலி என்று அழைப்பதற்கு ஆதாரம் இல்லை. செடியில் நரம்பு செல் இல்லை, செய்திகள் வந்து கூடும் மையமும் இல்லை. ஈயின் புழுவைச் சூடான ஊசியால் தொட்டால் பக்கவாட்டில் உருண்டு தப்பும்; அதற்கென்று தனி நரம்பு செல்களே இருக்கின்றன. அங்கேயும்கூட, தப்பிக்கும் அசைவை நாம் பார்த்தோம் என்பதற்கு மேல் சொல்லும்போது நிதானம் வேண்டும்.

கடைசியாக ஓர் எச்சரிக்கை. இந்த இரண்டும் பூச்சிகளுக்கும் பூக்கும் தாவரங்களுக்கும் பிரதிநிதிகள் அல்ல. சிறியவை, விரைவாகப் பெருகுபவை, டிஎன்ஏ குறைந்தவை என்பதற்காக ஆய்வகம் பொறுக்கி எடுத்தவை. ஈ பத்து நாளில் அடுத்த தலைமுறை தரும். செடி ஆறு முதல் எட்டு வாரத்தில். வெட்டுக்கிளி ஒன்றின் டிஎன்ஏ 600 கோடி எழுத்துகளுக்கும் மேல், மனிதருடையதைப்போல இரண்டு மடங்கு. ஆனால் மரபணுக்கள் சுமார் 17,000-தான். எனவே தலைப்பில் பூச்சி, தாவரம் என்று பொதுவாகப் போடாமல் இரண்டு இனங்களின் பெயரையும் எழுதுங்கள். மரபணு எண்ணிக்கைக்குக் கீழே டிஎன்ஏ அளவுக்கு ஒரு வரி சேருங்கள். அசைவு என்ற வரியில் செடிக்கு நேராக 'இல்லை' என்று போட்டிருக்கிறீர்கள். அதை அடித்துவிட்டு 'உண்டு, வளர்ச்சியின் மூலம், மணிக்கணக்கில்' என்று எழுதுங்கள்.